நீர்க்கடுப்பு என்று நினைத்தேன், இப்போது மஞ்சளாகச் சீழ் வருகிறது. என்ன செய்வது?

கடைக்காரன்:

வணக்கமுங்க. பெயர் வேண்டாம். ஊர் கோபி பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வயது 34. கல்யாணமாகி ஆறு வருடம், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

போன வாரம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் டீலர் டூர். டார்கெட் முடித்தவர்களைப் பட்டாயா கூட்டிப்போனார்கள். வியாழன் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினோம். வெள்ளிக்கிழமை இரவு ஒரு பெண்ணோடு போனேன். குடித்திருந்தேன்தான், ஆனால் அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். என்னோடு குடித்த மற்றவர்கள் ரூமுக்குப் போய்த் தூங்கினார்கள். உறவின்போது காண்டம் போட்டிருந்தேன். கிழியவில்லை, லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்தப் பெண் வாயால் செய்தபோது மட்டும் போடவில்லை. அதில் ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

திங்கள் இரவு மனைவியோடு சேர்ந்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இருந்திருந்தால் பக்கத்தில் போயிருக்கமாட்டேன், சத்தியமாக.

செவ்வாய் சாயங்காலம் கடையில் இருக்கும்போது சிறுநீர் கழித்தால் நுனியில் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிச்சல். கடைக்குத் தகரக் கூரை, பங்குனி வெயில், மூன்று நாள் குடி. சூடு பிடித்துக்கொண்டது என்று இரண்டு இளநீர் குடித்தேன். அம்மா வெந்தயத்தை ஊறவைத்து மோரில் போட்டுக் கொடுத்தார். புதன் காலை ஜட்டியில் மஞ்சள் கறை, காய்ந்து மொடமொடவென்று. நம்பமாட்டீர்கள், முதல் ஐந்து நிமிடம் அதைப் பெயிண்ட் கறை என்றே நினைத்தேன். மதியத்துக்குள் அழுத்தாமலே நுனியில் சொட்டு நிற்க ஆரம்பித்துவிட்டது. கெட்டியாக, பச்சை கலந்த மஞ்சள்.

உள்ளூர் மெடிக்கலில் எல்லாரும் தெரிந்தவர்கள். பைக்கை எடுத்துக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே பையன், “நீர்க்கடுப்பா அண்ணா?” என்று ஒரு சிரப்பும், ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை பத்தும் கொடுத்தான். மூன்று மாத்திரை போட்டுவிட்டேன். எரிச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. சீழ் அப்படியே.

இன்று வெள்ளி, ஏழாவது நாள். பத்து மாத்திரையையும் முடிக்கவா, நிறுத்தவா? இது அந்த மாதிரி நோயா? காண்டம் போட்டும் எப்படி வந்தது? எந்த டாக்டரிடம் போவது, அங்கே என்ன கேட்பார்கள்? எய்ட்ஸ் பயம் வேறு. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லைங்க.

---

வயக்காட்டான்:

பயப்படாதீர்கள் சகோ. இதைத்தான் நம் பெரியவர்கள் வெட்டைச் சூடு என்பார்கள். நன்னாரி வேரை இடித்து ஊறவைத்துக் குடியுங்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வையுங்கள், காரம், கோழிக்கறி நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் கேட்கும். இங்கிலீஷ் மருந்து போட்டால் சூடு இன்னும் ஏறும்.

---

ஸ்லைடு:

வயக்காட்டான், நன்னாரி சர்பத் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெரியவர்கள் வெட்டை என்று சொன்னதே இந்த நோயைத்தான். வெள்ளை வெட்டை, மேகவெட்டை என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்களே, பெண்களுக்கு வரும் வெள்ளைப்படுதல் போக, ஆண்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் கொனோரியா. பெயர் நம்மிடம் பல காலமாக இருக்கிறது, மருந்துதான் இல்லாமல் இருந்தது. சீழ் தானாக நின்றுபோவதும் உண்டு. நின்றது என்பதற்காகக் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

தம்பி கடைக்காரன், நான் டாக்டர் இல்லை. ஒரு அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் லேப் டெக்னீசியனாக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தோல் ஓபிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருந்தது எங்கள் அறை. அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் உங்களை மாதிரியே, “சார், சூடு பிடிச்சுக்கிச்சு” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாளாச்சு?” எரிச்சல் வந்து எத்தனை நாள் என்பதில்லை, போய் வந்து எத்தனை நாள் என்பது. அந்தக் கணக்கே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

உங்கள் கணக்கு வெள்ளி இரவிலிருந்து செவ்வாய் மாலை, நான்கு நாள். கொனோரியா பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து நாளில், சில பேருக்கு ஒரு வாரம் கழித்து, இப்படித்தான் அடித்துப்பிடித்து வரும்: நல்ல எரிச்சல், கெட்டியான மஞ்சள் சீழ், துணியில் கறை. கிளாமிடியா என்ற இன்னொரு பால்வினைக் கிருமி என்றால் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வரும். காலையில் மட்டும் தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு, லேசான அரிப்பு, அவ்வளவுதான். பல ஆண்களுக்கு அதுவும் இருக்காது. இரண்டும் சேர்ந்தே வருவதும் சாதாரணம். அதனால்தான் ஒன்றுக்கு மருந்து கொடுக்கும்போது மற்றதற்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவை போக மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ், ஹெர்பிஸ் வைரஸ் என்று வேறு சிலதும் உண்டு. எதுவாக இருந்தாலும், சிறுநீர் வரும் குழாயின் உட்சுவர் புண்பட்டு வீங்குவதற்குப் பெயர் யூரித்ரைட்டிஸ். அது நோயின் பெயர்கூட இல்லை, இடத்தின் பெயர். எந்தக் கிருமி என்று பார்த்தால்தான் மருந்து.

காண்டம் போட்டும் எப்படி என்றால், வாய்வழியில்தான். தொண்டையில் கொனோரியா இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தொண்டை வலிகூட இருக்காது. அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி மாத்திரை. ஓஃப்ளாக்சசின் என்பது சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம். ஒரு காலத்தில் ஒரே ஒரு சிப்ரோ மாத்திரையில் இது நின்றது, நானே பார்த்திருக்கிறேன். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் எங்கள் தட்டுகளில், சிப்ரோ மருந்து ஏற்றிய வட்டைச் சுற்றிலும் கிருமி ஜம்மென்று வளர ஆரம்பித்தது. அமெரிக்காவில் 2007இலேயே கொனோரியாவுக்கு இந்தக் குடும்பத்து மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் சல்ஃபா போயிற்று, பெனிசிலின் போயிற்று, டெட்ராசைக்ளின் போயிற்று. இந்தக் கிருமி எதையும் மறப்பதில்லை. எரிச்சல் குறைந்தது அந்தச் சிரப்பினால் இருக்கலாம், அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. மிச்ச மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு முழுங்க வேண்டாம். அட்டையைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். என்ன போட்டீர்கள், எத்தனை போட்டீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

போக வேண்டியது தோல் மற்றும் பால்வினை நோய் டாக்டர். போர்டில் டி.வி.எல். என்றோ டி.டி.வி.எல். என்றோ இருக்கும், அதில் வி என்பது வெனிரியாலஜி, அதாவது பால்வினை நோய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு உண்டு. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் துறை நடத்தும் சுரக்ஷா கிளினிக் என்றும் கேட்டுப் பார்க்கலாம், அங்கே மருந்து இலவசம். நான் இருந்த காலத்தில் மருந்துகளை நிறம் நிறமான டப்பாக்களில் வைத்திருப்பார்கள். உங்கள் மாதிரி கேசுக்குச் சாம்பல் நிற டப்பா: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், இரண்டையும் எங்கள் கண் முன்னாலேயே விழுங்க வைப்போம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதிப் பேர் போடமாட்டார்கள். இன்னொன்று, பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். அவர்கள் கெடுத்து அனுப்பிய கேஸ்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

காலையில் போகும்போது ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் போங்கள். கழுவிக்கொண்டு போகிறேன் என்று சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். கூச்சத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். எங்களுக்கு வேண்டிய சொட்டே அதில் போய்விடும்.

அந்தச் சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, தீயில் காட்டி, ஊதாச் சாயம், அயோடின், அசிட்டோன், கடைசியில் சிவப்புச் சாயம். மொத்தம் பத்து நிமிட வேலை. மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் லென்ஸ் போட்டுப் பார்த்தால் சீழ் அணுக்கள் கூட்டமாக நிற்கும். அவற்றின் வயிற்றுக்குள் இளஞ்சிவப்பாக ஜோடி ஜோடியாகப் புள்ளிகள், இரண்டு அவரை விதைகளைக் குழிந்த பக்கம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆணுக்குச் சீழ் வரும்போது இந்தச் சோதனை நூற்றுக்கு 95க்கு மேல் பிடித்துவிடும். ஜோடிகள் இல்லாமல் சீழ் அணு மட்டும் இருந்தால் கொனோரியா அல்லாத வகை என்று எழுதுவோம். 1879இல் நைசர் என்ற ஜெர்மன் டாக்டர் பார்த்ததும் இதே ஜோடியைத்தான். அதற்கு முன்னால் பல நூறு வருடம் இது விந்து ஒழுகுகிற நோய் என்றே நம்பினார்கள், கொனோரியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே விதை ஒழுகல் என்றுதான் பொருள். இன்றைக்கும் “விந்து வீணாகுது சார்” என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. அது சீழ் என்று சொன்னால் சில பேருக்கு நிம்மதி!

ஒரு எச்சரிக்கை. சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மட்டும் எடுத்து ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் ஏமாறாதீர்கள். அதற்கு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிப்பார்கள், போடும் ஊட்டமும் வேறு. கொனோரியா அதில் வளராது. அதற்கு ரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்த சாக்லேட் அகர் என்ற ஊட்டம் வேண்டும், கரியமில வாயு வேண்டும். அந்த வாயுவுக்கு நாங்கள் ஜாடிக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து மூடுவோம், அது தானாக அணையும். இப்போது பி.சி.ஆர். மாதிரியான சோதனை வந்துவிட்டது. அதற்கு முதலில் வரும் சிறுநீர் 20, 30 மில்லி போதும், கிளாமிடியாவும் அதிலேயே தெரியும். பெரிய தனியார் லேப்களில் செய்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம்.

விரையில் வலியோ வீக்கமோ, காய்ச்சலோ, மூட்டு வலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

---

மூன்றுமாதக்காரன்:

ஸ்லைடு ஐயா சொன்னதோடு என் கதையையும் கேளுங்கள், இது எதிர்ப்பக்கம். எனக்குச் சீழே இல்லை. ஒரு தடவை போய் வந்த பயத்தில் தினமும் பத்து முறை நுனியை அழுத்தி, பிதுக்கி, ஏதாவது வருகிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். டெட்டால் கலந்த தண்ணீரில் வேறு கழுவினேன். எரிச்சல் மூன்று மாதம் போகவில்லை. இரண்டு முறை மாத்திரை, மூன்று முறை டெஸ்ட், எல்லாம் நெகட்டிவ். கடைசியில் ஒரு டாக்டர், “கையை எடு, சோப்பை நிறுத்து, மூன்று வாரம் கழித்து வா” என்றார். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. புண்ணாக்கியது நான்தான்.

உங்களுக்கு நிஜமாகவே சீழ் இருக்கிறது, அதனால் நீங்கள் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். மருந்து முடிந்த பிறகு மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் பிதுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

---

கடைக்காரன்:

ஸ்லைடு ஐயா, உங்கள் பதிலை நாலு முறை படித்தேன். நாளை காலை போகிறேன். அண்ணா, உங்களுக்கும் நன்றி.

இன்னொரு விஷயம், முதலில் எழுதத் தைரியம் வரவில்லை. மனைவிக்கு ஐந்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். டாக்டர் எனக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரையில் நானே இன்னொரு செட் வாங்கி, சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்கு இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஒருவேளை அவளுக்குத் தொற்றியே இருக்காதோ?

---

கமலம்:

தம்பி, நான் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பதினோரு வருடமாக இருக்கிறேன். இந்தச் ‘சத்து மாத்திரை’ யோசனையை வாரத்துக்கு ஒருத்தராவது என் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். திட்டப்போவதில்லை. ஆனால் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கு எழுதக்கூடிய மருந்துகளில் டாக்ஸிசைக்ளின் ஒன்று, 100 மில்லிகிராம், காலை இரவு என ஏழு நாள். கிளாமிடியாவுக்கு இப்போது அதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அது கொடுக்கிற மருந்து இல்லை, அவர்களுக்கு அசித்ரோமைசின். உங்கள் மனைவிக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன மாத்திரை என்று தெரியாமல், அலர்ஜி இருக்கிறதா என்று கேட்காமல், குழந்தை இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுப்பீர்களா?

தொந்தரவு இல்லை என்பதையும் நம்பாதீர்கள். ஆணுக்குக் குழாய் நீளம், எரிந்துகொண்டே போகும், உடனே தெரியும். பெண்ணுக்குத் தொற்றுவது கருப்பை வாயில். அங்கே எரிச்சல் தெரியாது. கொனோரியாவோ கிளாமிடியாவோ வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. மேலே ஏறிக் கருக்குழாயைப் புண்ணாக்கிய பிறகு அடிவயிற்று வலி என்று வருவார்கள், இல்லையென்றால் சில வருடம் கழித்துக் குழந்தை நிற்கவில்லை என்று வருவார்கள். கர்ப்பத்தில் கவனிக்காமல் விட்டால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றும். உங்கள் மனைவியை ஸ்லைடு பரிசோதனையை மட்டும் நம்பியும் விட முடியாது, பெண்களில் அது பாதி கேஸ்களைத் தவறவிடும். ஸ்லைடு ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது.

உங்களுக்கு உறுதியானால் கடந்த 60 நாளில் உங்களோடு சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் சிகிச்சை வேண்டும். அதில் உங்கள் மனைவி வருகிறார். முதலில் வீட்டில் கர்ப்பம் பார்க்கும் கார்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து வாருங்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். அழகான வழி ஒன்றும் என்னிடம் இல்லை. நான் பார்த்தவரை, “எனக்கு ஒரு தொற்று வந்திருக்கிறது, என் தப்பினால் வந்தது, உனக்கும் வந்திருக்கலாம், வயிற்றில் குழந்தை இருக்கலாம், அதனால் டாக்டரிடம் போக வேண்டும்” என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் பிழைத்திருக்கிறார்கள். கழிப்பறையில் தொற்றியது, ஹோட்டல் துண்டில் தொற்றியது என்று ஆரம்பித்தவர்கள் டாக்டர் எதிரிலேயே மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் எதையும் நம்பமாட்டார். தனியாகச் சொல்ல முடியவில்லை என்றால் ஆலோசகரிடம் கூட்டிவாருங்கள், எங்கள் அறையில் வைத்துச் சொல்லலாம். அம்மாவை மட்டும் உள்ளே இழுக்காதீர்கள்.

எச்.ஐ.வி. பற்றி. வாய்வழியில் உங்களுக்கு வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, உறவில் காண்டம் கிழியவில்லை. ஆனாலும் டெஸ்ட் எடுப்போம். இப்போது ஒன்று, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. கூடவே சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு வி.டி.ஆர்.எல். ரத்தச் சோதனை, மஞ்சள் காமாலை பி சோதனை. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: காண்டம் கிழிந்தது, போடவே இல்லை என்றால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். 28 நாள் மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியும். இந்தத் தம்பிக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. நடு ராத்திரியில் பயம் வந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம்.

டாக்ஸிசைக்ளின் எழுதினால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி போடுங்கள். போட்டவுடன் படுத்தால் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பாலோடும் ஜெலுசில் மாதிரி மருந்தோடும் சேர்க்காதீர்கள். வெயிலில் லோடு இறக்க நின்றால் தோல் சீக்கிரம் கருகும், தலையில் துண்டு போடுங்கள். நான்காம் நாளே சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். இருவரும் முடித்து ஏழு நாள் ஆகும்வரை உறவு வேண்டாம்.

---

கடைக்காரன்:

ஐயா, அக்கா, போய் வந்தேன்.

அரசு மருத்துவமனைக்கே போனேன். மூன்று கேள்விதான் கேட்டார்கள். என்றைக்கு, எப்படி, வீட்டில் யார். டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். எனக்குத்தான் வியர்த்தது, அவருக்கு ஒன்றுமில்லை. மாத்திரை அட்டையைக் காட்டினேன், தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்லைடு ஐயா சொன்ன மாதிரியே ஒரு சொட்டு, கண்ணாடித் துண்டு. அந்த டெக்னீசியனிடம், “நானும் பார்க்கலாமா?” என்று கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்க விட்டார். அவரை விதை ஜோடி. நாலைந்து தெரிந்தது. அவ்வளவு சின்னதா என்றிருந்தது.

இடுப்பில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று. மரப்பு மருந்தில் கலந்துதான் போட்டார்கள், அப்படியும் பைக்கில் உட்கார முடியவில்லை. டாக்ஸிசைக்ளின் ஏழு நாள். ஊசி எத்தனை கிராம் என்று கேட்டேன், 1 கிராம் என்றார். மறுநாள் மாலைக்குள் சீழ் நின்றுவிட்டது. எரிச்சல் மூன்றாம் நாள் போனது.

மனைவியிடம் சனிக்கிழமை இரவு சொன்னேன். அக்கா சொன்ன மாதிரி ஒரே மூச்சில். ஹோட்டல் துண்டு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கார்டு டெஸ்ட் அதற்கு முந்தின நாளே பார்த்திருக்கிறாள், இரண்டு கோடு. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். அதை மட்டும் சொன்னாள்.

---

ஸ்லைடு:

தம்பி, ஊசி சரி. உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்ன அளவும் 1 கிராம்தான். அமெரிக்காவில் 500 மில்லிகிராம். கலங்காதீர்கள்.

எரிச்சல் மறுபடி தலைகாட்டினால், மறு தொற்றா, மைக்கோபிளாஸ்மாவா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு மருந்து வேறு. பிதுக்க மட்டும் வேண்டாம்.

சொட்டைப் பார்க்கணும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்த டெக்னீசியன் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார். என் 31 வருடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

---

கடைக்காரன்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

திங்கள்கிழமையே அவளைக் கூட்டிப்போனேன். அவளுக்கும் ஊசி, அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை. கர்ப்பம் என்பதால் ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். போன வாரம் முடிவு வந்தது, ஒன்றும் இல்லை. என் எச்.ஐ.வி. ஆறு வார டெஸ்ட் நெகட்டிவ், வி.டி.ஆர்.எல். நெகட்டிவ். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி இரண்டு பேருக்கும் முதல் டோஸ் போட்டாயிற்று.

அவள் பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். அங்கே வாந்தி என்றுதான் சொல்லியிருக்கிறாள். என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் இல்லை, அசலாகக் கேட்டு வாங்கி, அவளுடைய ஸ்கேன் ஃபைலிலேயே வைத்திருக்கிறாள். டாக்டரிடம் அந்த ஃபைலை நீட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கை நடுங்குகிறது. அவள் பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை.

பெயிண்ட் கம்பெனியில் அடுத்த டூர் துபாய் என்று நேற்று ஆள் வந்தான். டார்கெட்டுக்கு இன்னும் நாற்பது டின்தான் பாக்கி. பணமாகவே கழித்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாத டெஸ்ட் வரும் மாதம். போய்விட்டு வந்து எழுதுகிறேனுங்க.